டிக்கட் என்னும் சொல்லின் பயணம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஆண்டு விழாச் சொற்பொழிவு எனின் வள்ளுவரையோ கம்பரையோ இளங்கோவடிகளையோ பற்றிப் பேசுதலே மரபு. அதற்குரிய புலமை எம்மிடம் இல்லை. யாம் பயின்றது பள்ளியிறுதி வகுப்பு வரையே. அதன்பின் எமக்குக் கல்லூரியாக வாய்த்தது புகைவண்டி நிலையத்தில் சீட்டு வழங்கும் சாளரம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அச்சாளரத்தின் உட்புறம் அமர்ந்து, வெளியிலிருந்து நீளும் கைகளைக் கண்டு வருகின்றோம். அக்கைகளுக்கு உரியோர் இந்தி பேசுவர், மராத்தி பேசுவர், வங்கம் பேசுவர், எப்போதேனும் நம் தமிழும் பேசுவர். ஆயினும் அனைவரும் கேட்பது ஒரே சொல்லால்தான். டிக்கட்! அச்சொல்லின் வரலாற்றையே இன்று பேசுபொருளாகக் கொண்டோம். இரவுப் பணியில், ஒரு வண்டிக்கும் மறு வண்டிக்கும் இடைப்பட்ட வேளைகளில், பழைய புத்தகக் கடையில் வாங்கிய சொற்பிறப்பு அகராதிகளைப் புரட்டித் திரட்டிய செய்திகள் இவை.

இதனை இன்று பேசுதற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் சங்கத்துச் சிறார் பேச்சுப் போட்டியில், பிறமொழிச் சொல் ஒன்றுக்கு ஒரு மதிப்பெண் குறைக்கப்படும் என்னும் விதி இருத்தலை அனைவரும் அறிவீர்கள். அதனை வகுத்த பெரியோர்களின் தமிழ்ப் பற்றை யாம் ஐயுறவில்லை. ஆயினும், இவ்வாண்டு போட்டிக்குப் பெயர் கொடுத்த சிறார் சென்ற ஆண்டினும் குறைவு. பாட்டி ஊருக்குப் போய்வந்த கதையை மடை திறந்தாற்போல் சொல்லி வந்த ஒரு குழந்தை, ‘அப்பா டிக்கட்’ என்று தொடங்கியதும் நாவைக் கடித்துக்கொண்டது. பின்னர் அதற்குப் பேச்சே எழவில்லை. அதனை இவ்வவையிற் பலரும் கண்டீர்கள். அவ்விதியை வைத்துக்கொள்வதா, நீக்குவதா என்பது அடுத்த செயற்குழுவில் முடிவாக இருக்கின்றது. அதற்கு முன், அக்குழந்தையின் நாவில் நின்றுபோன சொல் எங்கிருந்து வந்தது என்பதையேனும் அறிந்துகொள்வோம்.

‘டிக்கட்’ ஆங்கிலச் சொல் என்றே நாம் எண்ணியிருக்கின்றோம். ஆங்கிலேயரிடம் அது வந்து சேர்ந்தது 16-ஆம் நூற்றாண்டில்தான். அவர்கள் அதனைப் பிரெஞ்சு மொழியிலிருந்து பெற்றனர். பிரெஞ்சில் அதன் பழைய வடிவம் ‘எஸ்திக்கெத்’ என்பது. குத்தி நிறுத்துதல், பொருத்துதல் என்னும் பொருளுடைய ஒரு வினையிலிருந்து பிறந்த பெயர் இது. 14-ஆம் நூற்றாண்டில், விளையாட்டுத் திடலில் இலக்காக நட்டுவைத்த முளைக்கழிக்கு இப்பெயர் வழங்கிற்று. பின்னர், வாயிலிலோ சுவரிலோ குத்திவைத்த அறிவிப்புத் துண்டுக்கு வழங்கிற்று. அதன்பின் நீதிமன்றத்துள் நுழைந்தது. ஒரு வழக்கின் ஆவணங்களைப் பையிலிட்டுக் கட்டி, இன்னார்க்கும் இன்னார்க்கும் இடையிலான வழக்கு என்று எழுதி அதன்மேற் கோத்த சீட்டும் ‘எஸ்திக்கெத்’ ஆயிற்று. கோப்புகளோடு மல்லாடும் எழுத்தர் இனத்தார்க்கு இச்செய்தி ஒன்றே போதும், அச்சொல்லோடு உறவு கொண்டாட!

அவ்வினைச் சொல்லும் பிரெஞ்சு மண்ணில் முளைத்ததன்று. உரோமப் பேரரசு தளர்ந்த காலத்தில், பிராங்கர் என்னும் செருமானிய இனத்தார் அந்நாட்டிற் புகுந்து அரசு அமைத்தனர். பிரான்சு என்னும் பெயரே அவர்களால் வந்ததுதான். அரசு அமைத்தவர்கள் நாளடைவில் தம் மொழியை மறந்து, அங்கிருந்த மக்களின் இலத்தீன் வழிவந்த மொழியையே பேசலாயினர். பிழைப்பை நாடி வேற்று மண்ணில் வாழும் நமக்கு இது சற்றே நெஞ்சை உறுத்தும் செய்தி. நாம் அரசு அமைக்கவும் வரவில்லை! எனினும் பிராங்கர் தம் சொற்கள் சிலவற்றை அம்மொழியில் விட்டுச் சென்றனர். குத்துதல் என்னும் பொருளுடைய இவ்வேர் அவற்றுள் ஒன்று. ஆங்கிலத்தில் ஒட்டுதலைக் குறிக்கும் ‘ஸ்டிக்’, தையலைக் குறிக்கும் ‘ஸ்டிச்’ ஆகியனவும் அவ்வேரின் கிளைகளே.

‘எஸ்திக்கெத்’ பின்னாளில் ஸகரத்தை இழந்து ‘எத்திக்கெத்’ ஆயிற்று. பிரெஞ்சு மொழியில் இது தனி நிகழ்ச்சியன்று. இலத்தீனில் பள்ளிக்கு ‘ஸ்கோலா’ என்றும் விண்மீனுக்கு ‘ஸ்தெல்லா’ என்றும் பெயர். பிரெஞ்சில் அவை ‘எக்கோல்’, ‘எத்துவால்’ என நிற்கின்றன. முதலில் வாய்க்கு எளிதாகும்பொருட்டு ஓர் எகரத்தை முன்னே சேர்த்தனர். பின்னர் ஸகரத்தை விழுங்கிவிட்டனர். எம் நிலையத்தில் மூட்டை சுமப்போர் ‘ஸ்டேஷன்’ என்பதை ‘இஸ்டேசன்’ என்பதும் இதே வாய்ப்பழக்கமே. நம்மூர்ப் பாட்டிமார் இன்னும் ஒரு படி மேற்சென்று, முன்னெழுத்தைக் கழற்றி எறிந்து ‘டேசன்’ என்பர். ஆங்கிலேயர் அம்முறையிலேயே எகரத்தைக் கழற்றி ‘டிக்கட்’ ஆக்கிக்கொண்டனர். பேச்சு வழக்கில் மேலைநாட்டாரும் நம் பாட்டிமாரும் ஓரினத்தவரே.

ஆங்கில நாட்டில் இச்சொல் முதலிற் பயணத்தைக் குறிக்கவில்லை; சிறு குறிப்பு, கடன் குறிப்பு என்னும் பொருள்களில் வழங்கிற்று. கடைக்காரர் கடனாகக் கொடுப்பதை ஆங்கிலத்தில் ‘டிக்’ என்னும் சொல்லால் குறிப்பர். அது டிக்கட் என்பதன் குறுக்கமே. 1660-களில் ஆங்கிலக் கடற்படையில் பணமுடை மிகுந்தமையால், மாலுமிகட்கு ஊதியத்திற்கு மாறாக டிக்கட்டுகளே கொடுக்கப்பட்டன. கருவூலத்தில் பணம் வரும்போது அதனைக் காட்டிப் பெற்றுக்கொள்ளலாமாம். பணம் வந்தால்தானே? வயிற்றுப்பாட்டுக்கு வழியின்றி, அவர்கள் அத்துண்டுகளைத் தரகர்களிடம் பாதி விலைக்கும் குறை விலைக்கும் விற்றனர். அவர்தம் மனைவியர் கடற்படை அலுவலகத்து முற்றத்திற் கூடி முறையிட்டனர். அவ்வலுவலகத்தில் எழுத்தராக இருந்த சாமுவேல் பீப்ஸ் என்பார் இவற்றையெல்லாம் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1667-ஆம் ஆண்டு சூன் திங்களில் ஒல்லாந்தர் தேம்ஸ், மெட்வே ஆறுகளினூடே புகுந்து ஆங்கிலக் கப்பல்களைக் கொளுத்தினர். அப்போது ஒல்லாந்தர் கப்பல்களிலிருந்து ஆங்கிலக் குரல்கள் கேட்டனவாம்! முன்பு டிக்கட்டுக்காகப் போர் செய்தோம், இப்போது டாலருக்காகச் செய்கின்றோம் என்னும் கருத்துப்பட அவை கூவின என்று பீப்ஸ் குறித்துள்ளார். ஊதியம் தரும் இடத்திற்கு மாறிவிட்ட மாலுமிகளின் குரல்கள் அவை. மாதக் கடைசியில் இப்பகுதியைப் படிக்கும் எந்த ஊழியர்க்கும் அவர்கள்மேற் சினம் எழாது.

நிற்க. பிரெஞ்சு நாட்டிலேயே தங்கிவிட்ட ‘எத்திக்கெத்’ வேறொரு வாழ்வு பெற்றது. அரசவையில் யார் எங்கே நிற்பது, யார் முன்னே செல்வது, யார் அமரலாம், யார் அமரலாகாது என்னும் முறைகளுக்கு அது பெயராயிற்று. பையின்மேற் கோத்த சீட்டு எவ்வாறு அரசவை ஒழுக்கமாயிற்று? முறைகளை எழுதிவைத்த ஏட்டின் பெயர் முறைகளுக்கே ஆகிவந்தது என்று கொள்ளுதல் பொருந்தும். பதினான்காம் லூயி மன்னரின் வெர்சேய் அரண்மனைத் தோட்டத்திற் புல்லை மிதியாதீர் என்று தோட்டக்காரர் நட்ட பலகைகளிலிருந்து இப்பொருள் வந்தது என்பாரும் உளர். கதை இனியதுதான்; சான்று இல்லை. சொற்பிறப்பு நூல்களைப் படிக்கப் புகுவோர் முதலிற் கற்க வேண்டியது, இனிக்கும் கதைகளை ஐயுறுதலே.

பிரெஞ்சில் இன்றும் ‘எத்திக்கெத்’ என்றால் புட்டியின்மேல் ஒட்டிய பெயர்ச் சீட்டும் ஆகும். ஒழுக்க முறையும் ஆகும். ஸ்பானியத்தில் ‘எத்திக்கேத்தா’ அவ்வாறே இரு பொருள் தரும். இத்தாலியர் ‘எத்திக்கெத்தா’ என்பர். ஆனால் பெயர்ச்சீட்டு என்னும் பொருளைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்தும், அவை ஒழுக்கம் என்னும் பொருளை ஸ்பானியரிடமிருந்தும் அவர்கள் பெற்றனராம். ஒரே பண்டத்தை இரு கடைகளில் வாங்கியது போலும்! செருமானியரும் உருசியரும் பொருளுக்கேற்ப ஓசையைச் சிறிது மாற்றி இரண்டு சொற்களாக்கிக்கொண்டனர். உருசிய மொழியில் ‘எத்திக்கேத்’ ஒழுக்கம். ‘எத்திக்கேத்கா’ புட்டியின்மேல் ஒட்டுவது. ஆங்கிலேயரோ 18-ஆம் நூற்றாண்டில் மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் சென்று, ‘எட்டிக்கெட்’ என்று முழுச்சொல்லையும் கொண்டுவந்தனர். ஆகவே டிக்கட்டும் எட்டிக்கெட்டும் உடன்பிறந்த சொற்கள். டிக்கட் வாங்க வருவோரிடம் எட்டிக்கெட்டை எதிர்பார்த்து ஏமாறுதல் எம் தொழிலின் இயல்பு.

இனி ஒரு வியப்பு. டிக்கட் என்னும் சொல்லைப் பெற்றெடுத்த பிரெஞ்சு நாட்டில், தொலைதூரப் புகைவண்டிக்குரிய சீட்டை வேறு பெயராற் குறிக்கின்றனர். ‘பியே’ என்பது அது. இத்தாலியில் ‘பில்யெத்தோ’, ஸ்பெயினில் ‘பில்யேத்தே’, உருசியாவில் ‘பில்யேத்’, சுவீடனில் ‘பில்யெத்’. யாவும் ஒரே குடும்பம். இக்குடும்பத்தின் முன்னோர் ‘புல்லா’ என்னும் இலத்தீன் சொல். அதன் பொருள் நீர்க்குமிழி! குமிழிபோல் உருண்டிருந்த பொருளெல்லாம் புல்லா ஆயிற்று. உரோமச் சிறுவர் கண்ணேறு படாதிருக்கக் கழுத்திற் கட்டிய தாயத்துக்கும் அதுவே பெயர். ஆவணத்தில் தொங்கவிட்ட ஈய முத்திரைக்கும் அதுவே பெயர். முத்திரையின் பெயர் ஆவணத்திற்கு ஆகிவந்தது. போப்பாண்டவரின் ஆணை ‘புல்’ எனப்படுவது இதனால்தான். ஆவணம் சிறுத்துச் சிறுத்துத் துண்டுச் சீட்டாயிற்று. கடைக்காரர் நீட்டும் ‘பில்’லும், நாடாளுமன்றத்திற் கொணரும் ‘பில்’லும், செய்தி அறிக்கையாகிய ‘புல்லட்டின்’னும் அக்குமிழியிலிருந்து புறப்பட்டனவே. போர்வீரனுக்கு இன்ன வீட்டில் இடம் தருக என்று எழுதிய சீட்டு ‘பில்லட்’. இன்று ஆங்கிலத்தில் அது தங்குமிடத்தையே குறிக்கும். நீர் கொதித்தலைக் குறிக்கும் ‘பாயில்’ என்பதும் இக்குடியினதே. குமிழி எழாமற் கொதிப்பது ஏது?

புகைவண்டிச் சீட்டுக்கு இன்றுள்ள பெருமையைத் தேடித் தந்தவர் தாமஸ் எட்மண்ட்சன் என்னும் ஆங்கிலேயர். 1792-இல் லங்காஸ்டரிற் பிறந்தவர். மரப்பொருள் செய்யும் தச்சர். தொழில் நொடித்துக் கடனாளியாகி, ஒரு சிறு நிலையத்தில் அதிகாரியாக வேலைக்கு அமர்ந்தார். அக்காலத்தில் ஒவ்வொரு பயணிக்கும் தாளிற் கையால் எழுதிக் கொடுத்தனர். அவ்வாறு எழுதியெழுதிச் சலித்தமையாலோ, தொழிலறிவாலோ, 1830-களின் இறுதியில் வரிசை எண் அச்சிட்ட சிறு அட்டைச் சீட்டையும், அதில் தேதி பதிக்கும் பொறியையும் அவர் அமைத்தார். இரண்டேகால் அங்குல நீளமுள்ள அச்சிறு அட்டை உலகெங்கும் பரவிற்று. எண் வரிசையாக இருத்தலால், விற்ற சீட்டு எத்தனை, வந்த பணம் எத்துணை என்று ஒரு நொடியிற் கணக்குப் பார்க்கலாம். எழுத்தர் சட்டைப் பையிற் போட்டுக்கொள்ளவும் இயலாது! எட்மண்ட்சன் தம் முறைக்கு இருப்புப்பாதை நிறுமங்களிடம் மைலுக்கு ஆண்டொன்றுக்குப் பத்து ஷில்லிங் பெற்றார். 1851-இல் மறைந்தார். யாம் பணியிற் சேர்ந்த காலத்தில் அவ்வட்டைகள் எம் சாளரத்திலும் இருந்தன. பொறியிற் செருகி இழுக்கும்போது ‘டக்’ என்று எழும் ஒலி இன்னும் செவியில் நிற்கின்றது. கணினி வந்தபின் அவ்வொலி ஓய்ந்தது.

இப்போது நம் விதிக்கு நெருங்கிய செய்திக்கு வருகின்றோம். செருமானிய நாட்டிலும் முற்காலத்தில் ‘பில்லெட்’ என்றே வழங்கினர். 1885-இல் அங்கே தனிச் செருமன் இயக்கத்தார் ஒரு கழகம் நிறுவினர். பிரெஞ்சுச் சொற்களைக் களைதல் அவர்தம் நோக்கம். பின்னாளில் அக்கழகத்திற்குத் தலைவராகிய ஓட்டோ சரசின் என்பார், அரசின் பொதுப்பணித் துறையிற் பொறியியலாளர். எழுதுகோலும் அவர் கையில், அரசாணையும் அவர் பக்கம். இருப்புப்பாதைத் துறையில் நூற்றுக்கணக்கான சொற்கள் மாறின. நடைமேடைக்குப் ‘பெரோன்’ போய் ‘பான்ஷ்டைக்’ வந்தது; பெட்டியறைக்குக் ‘கூப்பே’ போய் ‘அப்டைல்’ வந்தது; பில்லெட் போய் ‘ஃபார்கார்ட்டெ’ வந்தது. செம்மையான வேலை என்பதை ஒப்பத்தான் வேண்டும். அச்சொற்கள் இன்றும் நிலைத்துள்ளன. அண்டையிலுள்ள சுவிட்சர்லாந்துச் செருமானியர் மட்டும் பில்லெட், பெரோன் என்றே கூறிக்கொண்டிருக்கின்றனர். அவர்தம் வண்டிகள் அதனால் நேரந்தவறியதாகத் தெரியவில்லை. ஆஸ்திரிய நாட்டிலோ பில்லெட் என்பது வாழ்த்து மடலுக்குப் பெயர்.

ஆனால் பாருங்கள்! ஃபார்கார்ட்டெ என்பதில் ‘ஃபார்’ தூய செருமன். ‘கார்ட்டெ’? அது பிரெஞ்சு வழியே வந்த இலத்தீன் ‘கார்த்தா’. அதற்கும் முன்னே, பாப்பிரசுத் தாளைக் குறிக்கும் கிரேக்கக் ‘கார்த்தேஸ்’. வாயிலில் நின்ற அயலாரை விரட்டக் கொல்லைப்புறமாக வேறோர் அயலாரை அழைத்து வந்தது போலாயிற்று. இக்கிரேக்கச் சொல்லோ நமக்கும் உறவு. போர்த்துகீசிய மொழியில் அது ‘கர்த்தாஸ்’ என வழங்கிற்று. 16-ஆம் நூற்றாண்டில் நம் கடல்களில் ஓடிய வணிகக் கப்பல்கள் யாவும் போர்த்துகீசியரிடம் கட்டணம் செலுத்திக் ‘கர்த்தாஸ்’ என்னும் அனுமதிச் சீட்டுப் பெறல் வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினர். சீட்டின்றி அகப்பட்ட கப்பல் பறிமுதல்! கடல்மேல் நின்ற சீட்டுப் பரிசோதகர்கள் அவர்கள். நம் பாட்டிமார் ‘கடுதாசி வந்ததா?’ என்று வாயாரக் கேட்கும் கடுதாசியும் அச்சொல்லே என்று அகராதி நூலார் கூறுவர். போட்டியில் ஒரு குழந்தை கடுதாசி என்றால் நம் நடுவர் மதிப்பெண் குறைப்பரா? கூட்டித்தான் போடுவர்.

செருமானியக் கதை இன்னும் முடியவில்லை. 2023-ஆம் ஆண்டு மே முதல் நாளில் அந்நாட்டரசு, திங்களுக்கு 49 யூரோவுக்கு நாடெங்கும் உள்ளூர், வட்டார வண்டிகளிற் செல்லத்தக்க ஒரு சீட்டை வெளியிட்டது. அதன் பெயர் ‘டாய்ச்லண்ட் டிக்கட்’. ஆம், டிக்கட்! சரசின் காலத்து ஃபார்கார்ட்டெ இருக்க, அரசே ஆங்கிலச் சொல்லைச் சூட்டிற்று. மொழிக் காவலர் வருந்தியிருப்பர். ஆயின் அச்சொல் யாருடையது? செருமானிய இனத்துப் பிராங்கர் எடுத்துச் சென்றது. பிரெஞ்சிற் பல நூற்றாண்டு வாழ்ந்து, ஆங்கிலத்தில் முன்னெழுத்தை இழந்து, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வெளியே திரிந்து, தன் குடும்பத்தாரின் வீட்டு வாயிலிலேயே வந்து நிற்கின்றது. வீட்டார்க்கு முகம் அடையாளம் தெரியவில்லை!

பயணச்சீட்டு அழகிய தமிழ்ச் சொல். எம் மேசைமேல் அச்சொல்லைத் தமிழில் எழுதி ஒட்டிவைத்திருக்கின்றோம். குழந்தைகள் அதனைக் கற்க வேண்டும். கற்பித்தல் நம் கடன். ஆனால் கற்பித்தல் வேறு, தண்டித்தல் வேறு. சரசின் கையில் அரசாணை இருந்தது; நம் கையில் இருப்பது நான்கு குடும்பங்களுக்கு ஒரு குழந்தை, அதுவும் வெளியே நாளெல்லாம் இந்தி பேசிவிட்டு வரும் குழந்தை. அது தமிழில் ஐம்பது சொற்கள் சொல்லி இடையில் ஒரு டிக்கட்டைச் சொன்னால், ஐம்பதும் நமக்கு ஆதாயம். ஒரு டிக்கட்டுக்கு அஞ்சி அது வாய்மூடினால் ஐம்பதும் போயிற்று. ஆகவே, குறைக்கும் மதிப்பெண்ணை நீக்கிவிட்டு, நல்ல தமிழ்ச் சொல் ஒன்றைக் கையாண்டால் ஒரு மதிப்பெண் கூட்டுக என்று செயற்குழுவின் முன் எம் கோரிக்கையை வைக்கின்றோம். மறுப்போர் மறுத்துரைக்கலாம். முதியவர் ஒருவர் எம்மிடம், இன்று டிக்கட்டை விட்டால் நாளை மொழி முழுவதும் அவ்வழியே போய்விடும் என்றார். அவர் அச்சம் பொய்யன்று. பிராங்கர் கதை அதற்குச் சான்று. ஆயினும் பிராங்கர் மொழி இறந்தது கடன் வாங்கியதால் அன்று. வீட்டில் பிள்ளைகளோடு பேசுதலை நிறுத்தியதால்.

நம் நாட்டிற்கு வந்தபின்னும் டிக்கட் சும்மா இருக்கவில்லை. இங்கே இந்தியில் அஞ்சல் தலையும் ‘டிக்கட்’ தான் என்பதைப் புதிதாக வந்தோர் அஞ்சலகத்தில் திகைத்து நின்று அறிவர். அமெரிக்காவில் வேட்பாளர் பெயர்களை அச்சிட்ட கட்சித் தாளுக்கு டிக்கட் என்று பெயர் இருந்தது. தேர்தல் வந்தால் நம் தலைவர்கள் தலைநகருக்கு ஓடுவது அந்த டிக்கட்டுக்காக. அதனை எம் சாளரத்தில் விற்பதில்லை. நம் தமிழரோ, மேலைநாட்டார் எவர்க்கும் தோன்றாத ஒரு பொருளைத் தந்தனர். ஒருவர் காலமானால், ‘டிக்கட் வாங்கிவிட்டார்’ என்பர். திரும்பு பயணம் இல்லாத அச்சீட்டுக்கு முன்பதிவும் இல்லை.

இறுதியாக ஒரு செய்தி. குத்துதல், கூர்மை என்னும் பொருளுடைய அப்பழைய வேர் ஐரோப்பாவில் மட்டும் கிளைத்ததன்று. மொழிநூலார் அதன் மற்றொரு கிளையை வடமொழியிற் காண்கின்றனர். கூர்மை, பின்னர்ச் சுடர், ஒளி எனப் பொருள் விரிந்த ‘தேஜஸ்’ என்னும் சொல் அது; தமிழில் நாம் ‘தேசு’ என வழங்குவது. 2019-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிற் சென்னை எழும்பூரிலிருந்து மதுரைக்கு ஒரு விரைவு வண்டியைத் தொடங்கினார்கள் அல்லவா? அதன் பெயர் தேஜஸ். அதற்கு டிக்கட் கேட்டு எவரேனும் எம் சாளரத்திற் கை நீட்டினால், பிரிந்து பல்லாயிரம் கல் சுற்றிய இரு உறவினர் ஒரே துண்டுத் தாளில் அடுத்தடுத்து அச்சாகி வெளிவருவர்.